லா ஸ்காலா ஸ்பீக்கருக்கு எந்த ஆம்ப்? வாட் கணக்கை முடித்துவிட்டு மற்றதைப் பார்ப்போம்

மார்ச் 3, இரவு 9.10 (கேள்வி, ஹூஸ்டனிலிருந்து)

ஒரு ஜோடி கிளிப்ஷ் லா ஸ்காலா ஹார்ன் ஸ்பீக்கர் வாங்கியிருக்கேன். 1978 லேபிள், டைப் ஏஏ கிராஸ்ஓவர் (சத்தத்தைப் பிரிச்சு வூஃபர், நடு, ட்வீட்டருக்கு அனுப்புற சர்க்யூட்), உள்ளே யாரும் கை வைக்கல. ஹால் 14க்கு 20 அடி, சோஃபா 11-12 அடி தூரத்துல. கைவசம் மூணு வழி இருக்கு. 300பி வால்வு போட்ட 8 வாட் சிங்கிள் எண்டட் ஆம்ப், 60 வாட் டிரான்சிஸ்டர் இன்டகிரேட்டட் (ப்ரீ ஆம்பும் பவர் ஆம்பும் ஒரே பெட்டில), டிபிஏ3116 சிப் போட்ட சின்ன கிளாஸ் டி போர்டு. 104 டெசிபல் ஸ்பீக்கருக்கு 8 வாட் போதுமா? பழைய ஹார்னுக்கு வால்வுதான்னு கேக்கற எல்லாரும் சொல்றாங்க. அப்படித்தானா?

மார்ச் 3, இரவு 10.25

போதும். மிச்சமே இருக்கும். கணக்கைப் போட்டு அந்தக் கேள்வியை மூடிவிடலாம்.

1 வாட்டுக்கு 1 மீட்டரில் 104 டெசிபல். மூன்றரை மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் சாதாரண ஹாலில் 7 டெசிபல் போகும். இரண்டு ஸ்பீக்கர் சேர்ந்து பாடுவதால் 3 திரும்ப வரும். ஆகச் சோஃபாவில் 100. வீட்டில் நன்றாகச் சத்தமாகக் கேட்பது என்றால் சராசரி 85. 15 டெசிபல் குறைவு என்றால் வாட்டில் 32-ல் ஒரு பங்கு, அதாவது சுமார் 30 மில்லிவாட். ஸ்பீக்கர் முனையில் அரை வோல்ட்! தவில் அடி, பிராஸ் மாதிரி உச்சங்கள் சராசரிக்கு 15 முதல் 20 டெசிபல் மேலே போகும். அதற்கு 1 வாட், மிஞ்சினால் 3 வாட்.

இந்த நாட்டுக்குத் தேவை நல்லதொரு 5 வாட் ஆம்ப் என்று பால் கிளிப்ஷ் சொல்லிவந்ததாகச் சொல்வார்கள். அந்த வாக்கியத்தில் எல்லாரும் 5-ஐப் பிடித்துக்கொள்கிறார்கள். பிடிக்க வேண்டிய சொல் ‘நல்லதொரு’.

உங்கள் மூன்றில் எது நல்லது என்பதை வாட் சொல்லாது. இரைச்சல், கெயின் (சிக்னலை எத்தனை மடங்கு பெருக்குகிறது), அவுட்புட் இம்பிடன்ஸ் (ஆம்பின் வெளியீட்டுக்குள்ளேயே இருக்கும் தடை) ஆகிய மூன்றும்தான் சொல்லும். வால்வா டிரான்சிஸ்டரா என்பது அதற்கு அப்புறம்.

மார்ச் 4, காலை 6.50

முதலில் இரைச்சல். சாதாரண 87 டெசிபல் ஸ்பீக்கரில் காதுக்கே வராத ஹிஸ் (‘உஸ்ஸ்’ என்ற சீறல்), லா ஸ்காலாவில் 17 டெசிபல் ஏறி வந்து நிற்கும். ஆம்ப் மோசம் என்று அர்த்தம் இல்லை. ஸ்பீக்கர் பூதக்கண்ணாடி பிடிக்கிறது, அவ்வளவுதான்.

பாட்டு ஓடாதபோது அவுட்புட்டில் 1 மில்லிவோல்ட் இருந்தால் அது 2.83 வோல்ட்டுக்கு (8 ஓமில் 1 வாட்) 69 டெசிபல் கீழே. 104-ல் 69 போனால் 35 டெசிபல், 1 மீட்டரில். ராத்திரி அமைதியான ஹாலில் இது தெளிவாகக் கேட்கும். 0.1 மில்லிவோல்ட் என்றால் 15 டெசிபல், அதாவது இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். ஆகவே இலக்கு 0.2-0.3 மில்லிவோல்ட்டுக்குள்.

விளம்பரத் தாளில் ‘சிக்னல்-நாய்ஸ் 100 டெசிபல்’ என்று போட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். அது முழு வாட்டுக்கு ஒப்பிட்ட எண். 100 வாட் ஆம்பில் 28.3 வோல்ட்டுக்கு 100 டெசிபல் கீழே என்றால் 0.28 மில்லிவோல்ட். அதே 100 டெசிபல் 10 வாட் ஆம்பில் 0.09 மில்லிவோல்ட். எண் ஒன்றுதான், இரைச்சல் மூன்று மடங்கு வித்தியாசம். பெரிய ஆம்ப் இங்கே தோற்பதற்கு இதுவே முதல் காரணம்.

சோதிக்கும் விதம்: ஆர்சிஏ பிளக் ஒன்றில் நடு முனையையும் வெளிக் கூட்டையும் சேர்த்து ஈயம் வையுங்கள், அதுதான் ஷார்ட்டிங் பிளக். அதை இன்புட்டில் செருகி, வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து, மல்டிமீட்டரை ஏசி மில்லிவோல்ட்டில் போட்டு ஸ்பீக்கர் முனையில் பிடியுங்கள். ஸ்பீக்கர் மாட்டியே இருக்கட்டும். வால்வு ஆம்பை லோடு இல்லாமல் ஓட விடவே கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

மார்ச் 4, மதியம் 1.15

காலையில் எழுதியதில் ஒரு ஓட்டை. விலை மலிவான மல்டிமீட்டர் பலவும் ஏசி வோல்ட்டில் சில நூறு ஹெர்ட்ஸ் வரைதான் ஒழுங்காகப் படிக்கும். ஹம் (கரண்டிலிருந்து வரும் ‘ம்ம்ம்’ என்ற உறுமல்) இருந்தால் காட்டும், ஹிஸ் இருந்தால் சும்மா இருக்கும். மீட்டர் 0.1 என்று சொல்லி, நடு ஹார்ன் ‘உஸ்ஸ்’ என்று சீறிக்கொண்டிருப்பது இப்படித்தான். ஹிஸ்ஸுக்குக் காதே கருவி. ராத்திரி ஏசியையும் ஃபேனையும் நிறுத்திவிட்டு, எத்தனை அடி பின்னால் போனால் சீறல் மறைகிறது என்று பாருங்கள். இரண்டு அடிக்குள் மறைந்தால் பாஸ்.

ஹம்முக்கு இன்னொரு விஷயம். அமெரிக்காவில் 60, 120 ஹெர்ட்ஸ். லா ஸ்காலாவின் மடிப்பு ஹார்ன் அடிமட்டத்தில் சீக்கிரமே தளர்ந்துவிடும் என்பதால் 60 கொஞ்சம் அமுங்கிவிடும். 120 அமுங்காது, கணீரென்று வரும். 120 என்றால் பெரும்பாலும் பவர் சப்ளை ஃபில்டர், 60 என்றால் ஃபிலமென்ட் (வால்வைச் சூடாக்கும் கம்பி) அல்லது கிரவுண்ட் லூப் (இரண்டு வழியாக எர்த் ஆகி வளையம் உண்டாவது). லூப்பைத் தீர்க்கிறேன் என்று எர்த் பின்னைப் பிடுங்கிவிடாதீர்கள்.

மார்ச் 5, இரவு 8.40

அடுத்தது கெயின். இதை யாரும் கேட்பதில்லை, வாங்கிய முதல் நாளே இடிப்பது இதுதான்.

டேக் (டிஜிட்டல் பாட்டை ஆம்புக்கான சிக்னலாக மாற்றும் பெட்டி) அவுட்புட் 2 வோல்ட். பவர் ஆம்ப் கெயின் 26 டெசிபல், அதாவது 20 மடங்கு. வால்யூம் முழுக்கத் திறந்தால் 40 வோல்ட் கேட்கும். உங்களுக்குத் தேவை அரை வோல்ட். அதனால் குமிழ் எப்போதும் கடிகாரத்தில் எட்டு மணி பக்கம் ஒண்டிக்கொண்டிருக்கும். சாதாரண வால்யூம் குமிழின் (‘பாட்’) ஆரம்பப் பகுதியில் இடது வலது ஒன்றுபோல் இருக்காது. பாடகர் ஒரு பக்கம் சாய்வார். கொஞ்சம் திருப்பினால் நடுவுக்கு வருவார், ஆனால் அப்போது வீடே அதிரும்.

மருந்து இரண்டு ரெசிஸ்டர். ஒவ்வொரு சேனலுக்கும் 7.5 கிலோஓம் தொடராக, அதன் பின்னால் 2.4 கிலோஓம் சிக்னலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில். கால் வாட் மெட்டல் ஃபிலிம், 1 சதவீதம். 12 டெசிபல் குறையும். ஆம்பின் இன்புட் 47 கிலோஓம் என்றால் இன்னும் 0.3 சேரும், பரவாயில்லை. 20 டெசிபல் வேண்டுமானால் 9.1 கிலோஓமும் 1 கிலோஓமும்.

இடம் முக்கியம். ப்ரீ ஆம்பும் (வால்யூம் குமிழ் இருக்கும் முன்பகுதி) பவர் ஆம்பும் (ஸ்பீக்கரை ஓட்டும் பின்பகுதி) தனித்தனியாக இருந்தால், பவர் ஆம்ப் இன்புட்டை ஒட்டிப் போடுங்கள். அப்போது ப்ரீயின் ஹிஸ்ஸும் சேர்ந்து 12 டெசிபல் இறங்கும். டேக்குக்கும் ப்ரீக்கும் நடுவில் போட்டால் குமிழ்தான் சரியாகும், ஹிஸ் அப்படியே. இன்டகிரேட்டடில் உள்ளே பிரிக்கும் ‘ப்ரீ அவுட், மெயின் இன்’ சாக்கெட் இருக்கிறதா என்று பின்புறம் பாருங்கள். இருந்தால் அந்த ஜம்பரைக் கழற்றி அங்கே போடலாம்.

மார்ச் 6, இரவு 9.30

இப்போது 300பி. ‘பழைய ஹார்னுக்கு வால்வுதான்’ என்பவர்கள் பார்க்காத இடம் இது.

டைப் ஏஏயின் அமைப்பு: கே-33-ஈ வூஃபருக்கு 2.5 மில்லிஹென்ரி காயில் ஒன்று மட்டும். நடு டிரைவர் கே-55-வி 16 ஓம். அது 13 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வழியாக, சத்தத்தைப் படிப்படியாகக் குறைக்கும் டி2ஏ ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மருக்குப் போய், 4-ஆம் முனையில், 3 டெசிபல் குறைத்து எடுக்கப்படுகிறது. 3 டெசிபல் குறைத்தால் இம்பிடன்ஸ் இரட்டிப்பு, ஆம்புக்கு அது 32 ஓமாகத் தெரியும். 32 ஓமும் 13 மைக்ரோஃபாரடும் சேர்ந்தால் 383 ஹெர்ட்ஸ், வூஃபருக்கும் நடுவுக்கும் இடையே 400 ஹெர்ட்ஸ் பிரிப்பு என்பது இதுதான். ட்வீட்டர் கே-77 இரண்டு 2 மைக்ரோஃபாரடுக்குப் பின்னால், நடுவில் 245 மைக்ரோஹென்ரி காயில், கூடவே காவலுக்கு ஜீனர் டையோடு.

பின்பக்கம் 8 ஓம் என்று எழுதியிருந்தாலும் வூஃபர் பகுதி 4 ஓமை ஒட்டியும், நடுப்பகுதி 30-40 ஓமிலும் நிற்கிறது. ஃபீட்பேக் (வெளியீட்டில் கொஞ்சத்தைத் திரும்ப எடுத்துத் தன்னைத் திருத்திக்கொள்வது) இல்லாத 300பியின் 8 ஓம் முனையில் அவுட்புட் இம்பிடன்ஸ் சுமார் 3 ஓம். 4 ஓம் லோடில் அது 4.9 டெசிபல் விழுங்கும், 40 ஓம் லோடில் 0.6 மட்டும். வித்தியாசம் 4 டெசிபலுக்கு மேல். பாஸ் மெலிந்து, பாடகர் முகத்துக்கு நேரே வந்து நிற்பார். முதல் அரை மணி ‘ஆஹா, என்ன உயிர்ப்பு’ என்பார்கள். ரெண்டாவது மணியில் காது வலிக்கும்.

அதே ஆம்பை 4 ஓம் முனையில் மாட்டினால் அவுட்புட் இம்பிடன்ஸ் பாதி, ஒன்றரை ஓம். வித்தியாசம் 2.4 டெசிபலாக இறங்கும். ஹம்மும் 3 டெசிபல் குறையும், ஏனென்றால் அந்த முனையில் வோல்ட்டேஜே குறைவு. நடு அலைவரிசையில் பவர் கொஞ்சம் இழப்பீர்கள். 8 வாட்டில் மூன்று போனால் என்ன? நீங்கள் செலவழிப்பது 30 மில்லிவாட்.

ஃபீட்பேக் உள்ள புஷ்-புல் (வால்வுகள் ஜோடியாக வேலை செய்வது), அதாவது ஈஎல்84 நாலு போட்ட 15 வாட் ரகம், டேம்பிங் (8 ஓமை அவுட்புட் இம்பிடன்ஸால் வகுத்த எண்) 20 என்றால் 0.4 ஓம். அதில் வித்தியாசம் முக்கால் டெசிபல். டிரான்சிஸ்டரில் கணக்கிலேயே வராது.

மார்ச் 6, இரவு 11.05

“நடு மேலே வந்தா ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர்ல ஒரு முனை இறக்கிட்டா போச்சே?” என்று ஒருவர் கேட்கிறார். போச்சு. டி2ஏயில் முனைக்கு முனை 3 டெசிபல். நடு டிரைவர் கம்பியை 4-லிருந்து 3-க்கு மாற்றினால் முடிந்தது.

மார்ச் 7, காலை 7.20

முடியவில்லை. தூக்கக் கலக்கத்தில் எழுதியது.

6 டெசிபல் இறக்கினால் இம்பிடன்ஸ் நான்கு மடங்கு, 16 ஓம் 64 ஆகத் தெரியும். 13 மைக்ரோஃபாரட் அப்படியே இருந்தால் பிரிப்பு 383-லிருந்து 191 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். அவ்வளவு கீழே ஊத ஹார்னின் அளவும் போதாது, டிரைவரும் தாங்காது, வூஃபரோடு மோதிக் குரலில் ‘பானைக்குள் பேசுகிற’ சாயல் வரும். கெபாசிட்டரையும் பாதியாக்க வேண்டும். 6.5 கிடைக்காது, கடையில் 6.8 கிடைக்கும், 366 ஹெர்ட்ஸ், போதும்.

டிரான்ஸ்ஃபார்மர் இன்புட்டில் 10 ஓம் ரெசிஸ்டரைக் குறுக்கே போட்டு இம்பிடன்ஸை மட்டமாக்கும் இன்னொரு வழியும் உண்டு. ஆம்புக்கு அது நல்லது, ஆனால் 13 மைக்ரோஃபாரட் 45-ஐத் தாண்டிப் போகும், கிராஸ்ஓவர் முழுவதையும் புதிதாகக் கட்டுவதற்குச் சமம். ஒரு ஆம்புக்காக அவ்வளவு வேண்டாம்.

பழைய பாகங்களைக் கழற்றும் முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கால வயர் நிறங்கள் இரண்டு ஸ்பீக்கரிலும் ஒன்றாக இருக்கும் என்ற உத்தரவாதம் இல்லை.

மார்ச் 7, இரவு 8.15

அவுட்புட் இம்பிடன்ஸை நம்பிக்கையின் பேரில் எடுத்துக்கொள்ள வேண்டாம், அளக்கலாம். போனில் 200 ஹெர்ட்ஸ் சைன் டோன் (மலிவு மீட்டர் அதைச் சரியாகப் படிக்கும்). 10 வாட் ரெசிஸ்டர் 16 ஓமும் 8 ஓமும் வேண்டும். 16 ஓம் மாட்டி 1.00 வோல்ட் வரும்படி வால்யூமை வையுங்கள். குமிழைத் தொடாமல் 8 ஓமுக்கு மாற்றுங்கள். 0.86 என்று இறங்கினால் அது 3 ஓம் ஆம்ப். 0.98-க்கு மேல் நின்றால் அரை ஓமுக்குக் கீழே, கவலை இல்லை.

ஸ்பீக்கர் வயரும் இதோடு சேரும். 1 சதுர மில்லிமீட்டர் செம்பு, 5 மீட்டர் தூரம், போகவர 10 மீட்டர், 0.17 ஓம். வயரைப் பற்றி இவ்வளவு போதும். விலை அதிகமான வயரைப் பற்றி யாராவது ஆரம்பித்தால் இழை ஏழு பக்கம் ஓடும்.

மார்ச் 8, மாலை 6.40

கேள்வி: “30 மில்லிவாட்டுல டிரான்சிஸ்டர் ஆம்ப் கிராஸ்ஓவர் டிஸ்டார்ஷன்ல மாட்டிக்காதா? கிளாஸ் ஏ வேண்டாமா?”

நல்ல கேள்வி. இந்தக் கிராஸ்ஓவர் ஸ்பீக்கருடையது இல்லை, ஒரு டிரான்சிஸ்டர் வேலையை மற்றொன்றிடம் கைமாற்றும்போது வரும் கரகரப்பு. கிளாஸ் ஏயில் இரண்டும் எப்போதும் ஓடுவதால் கைமாற்றே இல்லை. பயத்தில் பாதி உண்மை. பதில் பயஸில், அதாவது பாட்டு இல்லாதபோதும் ஓடும் மின்னோட்டத்தில் இருக்கிறது. அவுட்புட் டிரான்சிஸ்டரில் ஓடும் நிலைமின்னோட்டம் 100 மில்லிஆம்ப் என்றால், அதன் இரட்டிப்பு 200 மில்லிஆம்ப் உச்சம் வரை ஆம்ப் கிளாஸ் ஏயிலேயே இருக்கும். 8 ஓமில் அது 0.16 வாட், 4 ஓமில் 0.08. நீங்கள் கேட்பது 0.03. ஆக உங்கள் ‘கிளாஸ் ஏபி’ பெட்டி, சராசரிப் பாட்டு முழுக்கக் கிளாஸ் ஏதான். தனியாக 200 வாட் சுடும் கிளாஸ் ஏ அடுப்பு வாங்க வேண்டியதில்லை. ஹூஸ்டனில் அதற்கு ஏசி பில் வேறு.

ஆனால் பயஸ் 25 மில்லிஆம்புக்குச் சரிந்திருந்தால் அந்த எல்லை 10 மில்லிவாட், அதுவும் 8 ஓமில்தான். சாதாரண ஸ்பீக்கரில் ஒளிந்திருந்த கரகரப்பு இங்கே வெளியே வரும், மெதுவான வயலினில் மணல் ஒட்டிய மாதிரி. நாற்பது வருடப் பழைய ஆம்பில் பயஸ் டிரிம் பாட் துருப்பிடித்து இப்படி ஆவது சகஜம். அரை மணி சூடாக விட்டு, எமிட்டர் ரெசிஸ்டரின் இரு முனையில் மில்லிவோல்ட் பாருங்கள். 0.22 ஓம் ரெசிஸ்டரில் 22 மில்லிவோல்ட் என்றால் 100 மில்லிஆம்ப். சர்வீஸ் மேனுவல் என்ன சொல்கிறதோ அதற்கு வையுங்கள், அதற்கு மேல் ஏற்றினால் ஹீட் சிங்க் தாங்காது. புரோப் நழுவி இரண்டு காலைச் சேர்த்தால் அவுட்புட் டிரான்சிஸ்டர் கண் முன்னே போகும். கிளிப் வைத்த புரோப்பை, ஆம்ப் அணைந்திருக்கும்போதே மாட்டிவிட்டு, பிறகு போடுங்கள்.

ஸ்பீக்கரை இணைக்கும் முன் அவுட்புட்டில் டிசி எவ்வளவு என்றும் பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். நடுவும் ட்வீட்டரும் கெபாசிட்டருக்குப் பின்னால் இருப்பதால் தப்பிக்கும். வூஃபருக்கு முன்னால் வெறும் காயில்தான், வரும் டிசி எல்லாம் அதற்கே. ஆன் செய்ததும் மூன்று நான்கு வினாடி கழித்து ரிலே ‘டக்’ என்கிறதா? அந்த ரிலே இல்லாத ஆம்பில் ‘தும்’ என்ற அடி இந்த ஸ்பீக்கரில் பக்கத்து வீடு வரை கேட்கும்.

மார்ச் 9, காலை 7.05

டிபிஏ3116 போர்டு. கேலி செய்ய வேண்டாம், சரியாகக் கையாண்டால் உங்கள் மூன்றில் இது கடைசி இல்லை.

சிப்பின் கெயின் நான்கு படி: 20, 26, 32, 36 டெசிபல். ஒரு ஜோடி ரெசிஸ்டர்தான் அதை முடிவு செய்கிறது. மலிவு போர்டுகள் போன் நேரே மாட்டினால் சத்தம் வரட்டும் என்று மேலே வைத்துவிடுவார்கள், கூடவே ஹிஸ்ஸும் ஏறும். டேட்டாஷீட் அட்டவணையைப் பார்த்து 20-க்கு மாற்றுங்கள். ரெசிஸ்டர் அரிசி குறுணை அளவு, லென்ஸும் கூர்முனை அயர்னும் வேண்டும்.

இரண்டு எச்சரிக்கை. இது பிரிட்ஜ் அவுட்புட், கறுப்பு முனை கிரவுண்ட் இல்லை. இரண்டு சேனலின் கறுப்பையும் சேர்க்கும் ஸ்பீக்கர் ஸ்விட்ச் பெட்டியிலோ, கிரவுண்ட் பொதுவான சப்வூஃபர் ஹை-லெவல் இன்புட்டிலோ மாட்டினால் சிப் காலி. இரண்டாவது, அவுட்புட் காயில் கெபாசிட்டர் ஃபில்டர் 4-8 ஓம் லோடை நினைத்துப் போட்டது, ஃபீட்பேக் அதற்கு முன்னாலேயே எடுக்கப்படுகிறது. லோடு பெரிதானால் காதுக்கு மேலான அலைவரிசையில் மேடு தட்டும், அதன் அடிவாரம் ட்வீட்டர் பக்கம் லேசாகத் தெரியலாம். ஸ்பீக்கர் முனைக்குக் குறுக்கே 10 ஓமும் 0.47 மைக்ரோஃபாரடும் தொடராகப் போட்டால் அடங்கும். ரெசிஸ்டர் 5 வாட்.

மார்ச் 10, இரவு 9.50

இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். 1978 கிராஸ்ஓவரை அப்படியே வைத்துக்கொண்டு எந்த ஆம்பையும் தீர்ப்புச் சொல்லாதீர்கள். அந்த எண்ணெய்க் கெபாசிட்டர்களில் உள் ரெசிஸ்டன்ஸ் ஏறியிருக்கும், ட்வீட்டர் மூக்கடைத்துப் பாடும். அதைக் கேட்டுவிட்டு ‘இந்த ஆம்ப் மந்தம்’ என்று விற்றுவிட்டு, பளீரென்ற இன்னொன்றை வாங்கி, பிறகு கெபாசிட்டர் மாற்றியதும் காது கிழிகிறது என்று அதையும் விற்பார்கள்.

ஒரு பெட்டிக்கு 13 மைக்ரோஃபாரட் ஒன்று, 2 மைக்ரோஃபாரட் இரண்டு. பாலிப்ரோப்பிலீன், 5 சதவீதம். 13 ஒற்றையாகக் கிடைக்காவிட்டால் 10-உம் 3-உம் பேரலலாக. பழைய டப்பாவை வெட்டித் திறக்காதீர்கள். பிசிபி (பாலிகுளோரினேட்டட் பைஃபினைல்) என்ற நச்சு எண்ணெயின் உற்பத்தி அமெரிக்காவில் 1979-ல்தான் தடையானது, அதற்கு முந்திய டப்பாவில் அது இருக்கலாம். கசிந்திருந்தால் கையுறை போட்டு, பையில் கட்டி, அபாயக் கழிவாகக் கொடுங்கள்.

ஜீனர் டையோடைக் கழற்றினால் ‘திரை விலகும்’ என்று படித்திருப்பீர்கள். 60 வாட் ஆம்ப் வைத்துக்கொண்டு அந்தத் திரையை விலக்க வேண்டாம். கே-77 தாங்குவது சில வாட்தான்.

மார்ச் 11, காலை 6.30

ஊரிலிருந்து ஒருவர்: “ஃபேன் கெபாசிட்டர் போடலாமாண்ணே?”

சிரித்தாலும் பதில் ‘போடலாம்’. சீலிங் ஃபேன் கெபாசிட்டரும் மெட்டலைஸ்டு பாலிப்ரோப்பிலீன்தான், 440 வோல்ட் ஏசி. 3.15 மைக்ரோஃபாரட் ஃபேன் கெபாசிட்டரோடு 10 மைக்ரோஃபாரட் மோட்டார் ரன் ஒன்றைப் பேரலலாகப் போட்டால் 13.15. கச்சிதம்! ஆனால் 2 மைக்ரோஃபாரட் இடத்தில் 2.5 போட்டு ஒப்பேற்றாதீர்கள், ட்வீட்டரின் பிரிப்பு கீழே இறங்கி அதற்குச் சுமை கூடும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் 1 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கிடைக்கும், இரண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 12, இரவு 10.10

அதே நண்பரின் அடுத்த கேள்வி, அமெரிக்காவிலிருந்து பழைய டைனாகோ ஸ்டீரியோ 70 வால்வு ஆம்ப் ஒன்று வருகிறது, 230-110 ஸ்டெப் டவுன் போதுமா?

வோல்ட் சரி, ஹெர்ட்ஸ் சரியில்லை. 117 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்குச் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மரின் கோரில் விழும் காந்தச் சுமைக்கு அளவுகோல் வோல்ட்டை ஹெர்ட்ஸால் வகுத்து வருவது: 1.95. நம் 50 ஹெர்ட்ஸில் 117 கொடுத்தால் 2.34, இருபது சதவீதம் கூட. கோர் நிறைந்து, உறுமி, கொதிக்கும். 100 வோல்ட் கொடுத்தால் 2.0, கோருக்கு நிம்மதி. ஆனால் 6.3 வோல்ட் ஹீட்டர் 5.4 ஆகிவிடும், வால்வுக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் குறைவு ஆகாது. ஆகவே 105 வோல்ட் சமரசம்: ஹீட்டர் 5.65 (அந்தப் பத்து சதவீத எல்லையை ஒட்டி), கோர் 2.1. நம் ஊர் லைன் 230 என்று பேர், 245 வருவதும் உண்டு, எனவே ஸ்டெப் டவுன் வைண்டிங்கில் 100, 105, 110 என்று முனை எடுத்துத் தரச் சொல்லிச் சுற்றுங்கள். 500 விஏ, இரட்டை வைண்டிங். ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் வேண்டாம். இரண்டு பின் பிளக்கோடு வந்த ஆம்புக்கு மூன்று பின் கார்டு மாற்றி, சேஸிஸை எர்த்தில் கட்டுங்கள்.

பயஸ் சாக்கெட்டில் 1.56 வோல்ட் என்பது பழைய எண். 15.6 ஓம் வழியாக, இரண்டு ஈஎல்34-க்கும் சேர்த்து 100 மில்லிஆம்ப். இந்த வேலைக்கு 1.25 வைத்தால் போதும், வால்வும் டிரான்ஸ்ஃபார்மரும் குளிர்ச்சியாக இருக்கும்.

மார்ச் 13, காலை 7.40

ஆல்டெக் 604ஈ, டானாய் மானிட்டர் ரெட் ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் கேட்டார்கள். அவை 16, 15 ஓம். வால்வு என்றால் 16 ஓம் முனை. டிரான்சிஸ்டரில் வாட் பாதியாகும், நட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் 604-8ஜியும் மானிட்டர் கோல்டும் 8 ஓம், பேரைப் பார்த்து முனை மாற்றுங்கள்.

மார்ச் 15, இரவு 9.20 (கேட்டவர், ஹூஸ்டன்)

கெபாசிட்டர் மாத்திட்டேன். 300பி: இடது 2.6 மில்லிவோல்ட், வலது 0.9, ரெண்டும் 8 ஓம் முனைல. டிரான்சிஸ்டர்: 0.2 ரெண்டு பக்கமும், ஹிஸ் ஒன்றரை அடில மறையுது. 7.5, 2.4 ரெசிஸ்டர் ப்ரீ அவுட்ல போட்டதுக்கு அப்புறம் குமிழ் பத்தரை மணிக்கு வந்துடுச்சு. போர்டை இன்னும் தொடல. இடது பக்க 300பி மோசமா?

மார்ச் 15, இரவு 10.45

வால்வு மோசம் என்று இப்போதே சொல்லாதீர்கள். 2.6 என்றால் 1 மீட்டரில் 43 டெசிபல், சோஃபாவில் நிச்சயம் கேட்கும். முதலில் ஆம்பை அணைத்து, ஆறவிட்டு, இடது வலது 300பியை இடம் மாற்றுங்கள். ஹம் வால்வோடு போனால் வால்வு, போகாமல் இடதிலேயே நின்றால் ஹம் பாட். சேஸிஸ் மேல் ஸ்க்ரூடிரைவர் பள்ளம் வைத்த சின்னக் குமிழ் சேனலுக்கு ஒன்று இருக்கும், 100 ஓம் பக்கம். 4 ஓம் முனைக்கு மாற்றி, மீட்டரை வைத்து, மிக மெதுவாகத் திருப்புங்கள். எண் இறங்கி ஒரு இடத்தில் திரும்ப ஏறும், அந்தப் பள்ளத்தில் நிறுத்துங்கள். பிளாஸ்டிக் ஸ்க்ரூடிரைவர், ஒரு கை சட்டைப் பையில்.

அதுவரை டிரான்சிஸ்டரில் கேளுங்கள். 0.2 மில்லிவோல்ட் ஆம்பை விட்டுவிட்டு இன்னொன்றைத் தேட எனக்குக் காரணம் தெரியவில்லை.

மார்ச் 17, காலை 6.15 (கேட்டவர்)

இடம் மாத்தினேன், ஹம் இடதுலயே இருந்துச்சு. பாட் திருப்பி, 4 ஓம் முனைல 0.7. பாஸும் திரும்பி வந்துடுச்சு. ஆனா நடு இன்னும் ஒரு இழை முன்னால நிக்குது.

மார்ச் 17, காலை 7.00

அது அந்த 2.4 டெசிபல். 3-ஆம் முனை, 6.8 மைக்ரோஃபாரட். ஆனால் ஒன்று, அப்படி மாற்றினால் டிரான்சிஸ்டரில் நடு 3 டெசிபல் பின்னால் போகும். இரண்டு ஆம்பையும் மாற்றி மாற்றிக் கேட்கப் போகிறீர்கள் என்றால் முனையைத் தொடாதீர்கள். எதை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டு அயர்னைச் சூடாக்குங்கள்.